மாடிக்கு ஒரு கையெழுத்து

இல்லை அக்கா, நான் அழவில்லை. கோபம் வந்தால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். சின்ன வயதிலிருந்தே உள்ள கோளாறு அது. கல்லூரியில் விவாதப் போட்டி நடக்கும்போதுகூட, எதிர்த்தரப்பு அபத்தமாகப் பேசினால் எனக்கு இப்படித்தான் வழியும். நடுவர் பயந்துபோய்த் தண்ணீர் கொடுக்கச் சொல்வார். ஜன்னலை மூட வேண்டாம், காற்று வரட்டும்.

நீங்கள் பார்த்தீர்கள். வண்டி கிளம்பும்போது ஜன்னலுக்குக் கீழே ஒரு அம்மாள் நின்றுகொண்டு, உருட்டிய வரைபடம் ஒன்றையும் ஒரு பேனாவையும் மேலே நீட்டினாளே, அவள் என் அம்மா. செண்பகவல்லி. நான் கையை நீட்டவில்லை. அதையும் பார்த்தீர்கள். பார்த்துவிட்டு, படிக்கிற திமிர் என்று மனதுக்குள் ஒரு தீர்ப்பும் எழுதியிருப்பீர்கள். ஒரு தரப்பைக் கேட்காமல் தீர்ப்பு எழுதக் கூடாது அக்கா. கயத்தாறே இன்னும் வரவில்லை. மதுரை வரைக்கும் நேரம் கிடக்கிறது. கேளுங்கள்.

நான் மதிவதனி. மதுரையில் சட்டம் படிக்கிறேன், நான்காம் ஆண்டு. அப்பா நூற்பாலையில் வேலை பார்த்தவர். நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே தவறிப்போனார். போகும்போது ஒரு தளம் போட்ட வீட்டையும், மொட்டைமாடியில் துருப்பிடித்த கம்பிகளையும் விட்டுவிட்டுப் போனார். மேலே இன்னொரு தளம் எழுப்பலாம் என்று தூண்களின் தலையில் விட்ட கம்பிகள். எங்கள் தெருவில் முக்கால்வாசி வீட்டு மாடியில் இது நிற்கும். எங்கள் வீட்டுக் கம்பியில் அம்மா கொடி கட்டித் துணி காயப் போடுவாள்.

எங்கள் தெருவுக்குப் பின்பக்கம்தான் பெண்கள் கல்லூரி. சுற்றுவட்டாரத்து ஊர்களிலிருந்து வந்து வாடகை அறைகளில் தங்கிப் படிக்கிற பெண்கள் நிறைய. அவர்களுக்கு அம்மா மெஸ் நடத்துகிறாள். நான் அதை மெஸ் என்றுதான் சொல்வேன். காலையில் இட்லி, மத்தியானம் சோறு, சாயங்காலம் வாசலில் தகரம் இறக்கி அதன் கீழே தோசைக்கல். மாதம் பிறந்தால் பணம். இதற்கு மெஸ் என்று பெயரில்லாமல் வேறு என்ன பெயர்?

ஆனால் அம்மா ஒரு நாளும் அந்த வார்த்தையை வாயால் சொன்னதில்லை. போர்டு கிடையாது. புதிதாக ஒரு பெண் வந்தால் வாசலிலேயே விசாரணை நடக்கும். எந்த ஊர், யார் மகள், அம்மா பெயர் என்ன, வீட்டில் கருவாடு சேர்ப்பீர்களா, உடம்புக்கு ஏதும் ஆகாததுண்டா. அதற்குப் பிறகுதான் இலை விழும். முதல் நாள் சோற்றுக்குப் பணம் வாங்கமாட்டாள், முதல் நாள் வருகிறவள் விருந்தாளியாம். மறுநாளிலிருந்து சாப்பிட்ட தட்டை அவளவளே கழுவிக் கவிழ்க்க வேண்டும், வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டாளாம். வீட்டுப் பிள்ளையிடம் யாராவது மாதா மாதம் பணம் வாங்குவார்களா என்று நான் ஒருதடவை கேட்டேன். "உங்க அப்பாவுந்தான் மாசாமாசம் எங்கிட்ட கொடுத்தாரு. அவரு என்ன மெஸ்ஸுக்கா வந்தாரு?" என்றாள். சமையலுக்குக் கூடமாட நிற்கிற பாப்பாத்தி அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள்.

எங்கள் வீட்டில் வாதம் என்பது இந்த லட்சணத்தில்தான் நடக்கும். பிற்பாடு நடந்ததைப் புரிந்துகொள்ள இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கூடத்தில் ஒரு பந்திதான் உட்காரலாம். மற்றவர்கள் தெருவில் வெயிலில் நிற்பார்கள். போன சித்திரையில் இசக்கியம்மாள் என்று ஒரு பெண், நாங்குநேரிக்காரி, பந்திக்குக் காத்துக்கொண்டு நின்றவள் அப்படியே மயங்கி விழுந்துவிட்டாள். நெற்றியில் காயம். அன்று அம்மா சாப்பிடவில்லை. மறுநாள் நான் பரீட்சை முடிந்து ஊருக்கு வந்தேன். வந்தவுடனே, "ஏட்டி, மாடியில ஒரு தகரத்தைப் போட்ருவோம். பிள்ளைய வெயில்ல நிக்குதுவ" என்றாள். பாப்பாத்தி அக்காவின் தம்பி தகரக் கொட்டகை போடுகிறவன். சொன்னால் இரண்டு நாளில் முடித்துவிட்டுப் போவான்.

நான் முடியாது என்று சொல்லிவிட்டேன். அனுமதி இல்லாமல் ஒரு செங்கல் வைக்கக் கூடாது. எதற்குப் பயந்து பயந்து தகரம் போட வேண்டும்? முறையாக மனுப் போடுவோம், முறையாகத் தளம் எழுப்புவோம், காற்றோட்டமாக ஒரு சாப்பாட்டுக் கூடம் கட்டுவோம். தப்பா அக்கா இது? நீங்களே சொல்லுங்கள்.

அம்மா அதற்கு மறுப்புச் சொல்லவில்லை. சவரிமுத்து அண்ணாச்சியைக் கேட்டுக்கிடுவோம் என்று மட்டும் சொன்னாள். இந்தச் சவரிமுத்து, மாநகராட்சி அலுவலகத்துக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறவர். பிளான் போட்டுக் கொடுத்து, அனுமதி வாங்கிக் கொடுத்து, அதற்குச் சம்பளம் வாங்கிக்கொள்கிறவர். எங்கள் வார்டில் பாதி வீடு அவர் கையில் பிறந்ததுதான். அவர் வீட்டுக்கு வந்து, மோர் குடித்து, மாடியை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டு, வீடு என்றே போடுவோம் என்றார். மேலே ஒரு பெரிய அறை, ஒரு சின்ன அறை. தெரு அகலத்துக்கு அதுதான் தோதாம். "மேல சாப்பிடுதாளா படுக்காளான்னு யாரு மைனி ஏறி வந்து பாக்கப் போறா?"

உங்களை மாதிரி ஆட்களால்தான் இந்த ஊர் இப்படி இருக்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். "பாப்பா நல்லாப் பேசுது மைனி. படிப்பு முடியட்டும், எனக்கே ஒரு பாகப்பிரிவினை கேஸ் கெடக்கு, இதுகிட்டயே கொடுத்திருதேன்" என்று சொல்லிவிட்டுத் தம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்.

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நானே எடுத்துச் செய்தேன். வாரிசுச் சான்றிதழ், பட்டா, வரி ரசீது, மின்கட்டண அட்டை. அப்பாவுக்குப் பிறகு பட்டா அம்மா பெயரிலும் என் பெயரிலுமாகக் கூட்டாக இருக்கிறது. கூடப் படிக்கிறவளின் அண்ணன் பதிவுபெற்ற பொறியாளர், அவர் வரைந்து கொடுத்தார். இணையதளத்தில் ஏற்றும்போது ஒரு கேள்வி வரும்: தற்போதுள்ள கட்டடத்தின் பயன்பாடு என்ன? எங்கள் தெருவில் யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு குடியிருப்பு என்று போட்டிருப்பார்கள். பக்கத்து வீட்டில் மாவுமில், எதிர் வீட்டில் தையல் பள்ளி, முக்கு வீட்டில் டியூஷன். காகிதத்தில் அத்தனையும் குடியிருப்பு. நான் உணவகம் என்று போட்டேன். கட்டப்போவது என்ன என்ற இடத்தில் உணவருந்தும் கூடம், வணிகப் பயன்பாடு என்று போட்டேன். போட்டுவிட்டு எனக்கு எப்படி இருந்தது தெரியுமா அக்கா? தெருவிலேயே உண்மையைச் சொல்லி மனுப் போட்ட முதல் வீடு எங்கள் வீடு. அன்றைக்குத் தெருவில் நடக்கும்போது நான் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தேன்.

மாநகராட்சியிலிருந்து அளக்க ஒருவர் வந்தார். சின்ன வயது, தென்காசிப் பக்கம். சரியாக மத்தியானப் பந்தி நேரத்தில் வந்தார். அம்மா அவரையும் ஊர் கேட்டு, அப்பா பெயர் கேட்டு, உட்கார வைத்து இலை போட்டுவிட்டாள். அளக்க வந்தவருக்குச் சோறு போடுவது லஞ்சம் மாதிரி ஆகிவிடும் என்று நான் அடுப்படியில் போய்ச் சொன்னேன். "ரசம் ஊத்துனா லஞ்சமாட்டி?" என்று பாப்பாத்தி அக்கா கேட்டாள். அவர் கை கழுவிவிட்டு வந்து டேப்பை விரித்தார். நான் கூடவே நின்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். வாசல் தகரத்தை அவர் கவனிக்கவில்லை, நான்தான் கவனிக்க வைத்தேன். நம் தரப்பில் எதையும் மறைக்கவில்லை என்று தெரிய வேண்டும் இல்லையா?

கார் நிறுத்துகிற இடம் எங்கே என்று கேட்டார். வருகிறவர்கள் எல்லாரும் செருப்புத் தேய நடந்து வருகிற பெண்கள், கார் எதற்கு என்றேன். உணவகம் என்றால் கார் நிறுத்த இடம் காட்ட வேண்டுமாம், நடந்து வருகிறவர்களுக்கென்று தனி விதி இல்லையாம். அப்புறம் குரலைத் தணித்துக்கொண்டு, "வீடுன்னு போட்டிருந்தா இது ஒரு வேலையே இல்லம்மா. எதுக்கு இப்படி எழுதினீங்க?" என்றார். அரசாங்க ஊழியர் ஒரு குடிமகளிடம் கேட்கிற கேள்வியா அது? அரை மணி நேரம் பேசினேன். அவர் டேப்பைச் சுருட்டிக்கொண்டு தலையாட்டினார்.

பிறகு நோட்டீஸ் வந்தது. குடியிருப்பாக அனுமதி பெற்ற கட்டடத்தில் உணவகம் நடக்கிறது. தெருவின் அகலம் வணிகக் கட்டடத்துக்குப் போதாது. வாசலில் அனுமதியற்ற தகரம். உணவகத்தை உடனே நிறுத்தி, நேரில் வந்து விளக்கம் தர வேண்டும். அதே வாரத்தில் மின்வாரியத்திலிருந்தும் ஆள் வந்து மீட்டரைப் பார்த்துவிட்டுப் போனார். ஒரு உண்மை இன்னொரு உண்மையைக் கையைப் பிடித்துக் கூட்டிவரும் அக்கா, அதில் பயப்பட ஒன்றுமில்லை.

அம்மா நோட்டீசைப் படித்துக் காட்டச் சொன்னாள். படித்தேன். அவள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, ஊறப்போட்ட அரிசியை மூடி வைத்தாள். பிறகு தோசைக்கல்லைக் கழுவி உள்ளே வைத்தாள். என்னைத் திட்டவில்லை, குறைசொல்லவில்லை. அதனால் அவள் என் பக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதுதான் நான் ஏமாந்த இடம்.

விசாரணைக்கு நான் எவ்வளவு தயார் செய்தேன் தெரியுமா? கூடப் படிக்கிறவர்களைக் கூப்பிட்டுப் பேசி, நூலகத்தில் கிடையாய்க் கிடந்து, வாழ்வாதார உரிமை, நடந்து வருகிறவர்களுக்கும் கார் கேட்கிற விதியின் அநியாயம், பெண்கள் நடத்துகிற சிறுதொழில், எல்லாவற்றையும் அடுக்கினேன். அந்த வாதம் மட்டும் நின்றிருந்தால் எங்கள் வீட்டுக்கு மட்டுமில்லை, இந்த ஊரில் வீட்டில் வைத்துச் சோறு போடுகிற அத்தனை பெண்களுக்கும் ஒரு வழி பிறந்திருக்கும். அம்மா சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். ஆமாம், நான் மெஸ் நடத்துகிறேன், இதுதான் என் பிழைப்பு, எனக்கு விலக்கு வேண்டும். அவ்வளவுதான். வீட்டில் வைத்துச் சொல்லிப் பார்க்கச் சொன்னேன். காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். தப்பில்லாமல் சொன்னாள்.

அலுவலர் ஒரு அம்மாள். நல்ல மாதிரி, குறைசொல்ல மாட்டேன். கண்ணாடியைச் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் போட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் எதிரே உட்கார்ந்தோம். கதவோரம் பார்த்தால் சவரிமுத்து அண்ணாச்சி நிற்கிறார். இவர் எங்கே வந்தார் என்று எனக்கு அப்போதே சுருக்கென்றது. அலுவலர் நாங்கள் கையெழுத்துப் போட்டு ஏற்றிய மனுவின் நகலைத் திருப்பி அம்மா பக்கம் வைத்து, இது உங்கள் கையெழுத்துதானே என்று கேட்டார்.

"ஆமா மேடம், எங்கையெழுத்துதான்."

"மெஸ் நடத்துறதா நீங்களே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

அம்மா எழுந்து நின்றாள். அந்த ஒரு நொடி எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது அக்கா, உண்மையாகவே சொல்கிறேன். அம்மா பேசப் போகிறாள் என்று.

"எங்க வீட்டுல மெஸ் கெடையாது மேடம். இவ சின்னப் புள்ள. தெரியாம எழுதிப்புட்டா."

என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நேரே அந்த அம்மாளைப் பார்த்துக்கொண்டே சொல்கிறாள். அப்படியானால் தினமும் வருகிற பெண்கள் யார் என்று அலுவலர் கேட்டார்.

"எங்க வீட்டுப் பிள்ளைய."

"அத்தனை பேருமா?"

"ஆமா மேடம். நாங்குநேரி சுடலைமுத்து மக இசக்கியம்மா, அவளுக்கு ரத்தம் கொறவு, கீரை தனியா எடுத்து வைக்கணும். திசையன்விளை ரெஜினா, அவ அய்யா கடலுக்குப் போறவரு, தவசு நாள்ல கறி தொடமாட்டா. கடையநல்லூர் பாத்திமுத்து, நோம்பு மாசம் முழுக்க அவளுக்கு விடியுமுன்ன சகருக்குச் சோறு தூக்குச்சட்டியில கட்டிக் கொடுத்துவிடுவேன். களக்காட்டுக்காரி ஒருத்தி இருக்கா, வாயில்லாப் பூச்சி, ரெண்டாந்தடவ கேட்டு வாங்கமாட்டா, நான் பாத்து வைக்கணும். மெஸ்ஸுன்னா இதெல்லாம் எனக்கு எதுக்கு மேடம்?"

இன்னும் சொல்லிக்கொண்டே போனாள். அத்தனை பேரையும் சொல்லியிருப்பாள், அலுவலர் கையமர்த்தினார். பணம் வாங்குகிறீர்களே என்று கேட்டார். "அரிசி வாங்கணும்லா மேடம்" என்றாள். அந்த அம்மாள் எழுதுவதை நிறுத்திவிட்டு அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கதவோரம் சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார்.

சரி, எதிர்த்தரப்பு வாதத்தை நானே எடுத்து வைக்கிறேன். அம்மாவுக்கு அந்தப் பெண்கள்மேல் பாசம் உண்டு. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பாசம் சாட்சியம் ஆகுமா? கீரையைத் தனியாக எடுத்து வைத்தால் உணவகம் வீடாகிவிடும் என்று எந்த விதியில் இருக்கிறது? சட்டத்துக்கும் அந்தக் களக்காட்டுப் பெண்ணுக்கும் என்ன சம்பந்தம்?

அலுவலர் என் பக்கம் திரும்பினார். "நீயும் கூட்டுச் சொந்தக்காரிதானேம்மா. நீ சொல்லு. இது வீடா, மெஸ்ஸா?"

அந்த அம்மாள் எனக்கு வழி விடுகிறார் என்று எனக்கும் புரியாமல் இல்லை அக்கா. வீடு என்று ஒரு வார்த்தை சொன்னால் அத்தோடு கோப்பை மூடிவிடுவார். சவரிமுத்து தொண்டையைச் செருமுகிறார். அம்மா அப்போதும் என்னைப் பார்க்கவில்லை.

"மெஸ்தான் மேடம்" என்றேன்.

அப்போதுதான் அம்மா என்னைப் பார்த்தாள். "ஏட்டி" என்றாள். அவ்வளவுதான்.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். ஒரே வீட்டுச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் நான் எதை எழுதுவது என்றார். வீட்டுக்குப் போய்ப் பேசுங்கள், இந்த மனுவைத் திரும்பப் பெறுகிறோம் என்று இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, குடியிருப்பாகப் புது மனுக் கொடுத்தால் பரிசீலிக்கலாம், இல்லையென்றால் இதன் மேல் மேல்முறையீடு செய்துகொள்ளலாம், எதுவானாலும் அதுவரைக்கும் நோட்டீஸ் நிற்கும், அடுப்புப் பற்றவைக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

வெளியே வராந்தாவில், மக்கள் வந்து போகிற இடத்தில், நான் அம்மாவிடம் கேட்டேன். ஊர் முன்னால் என்னைச் சின்னப் புள்ளை, ஒன்றும் தெரியாதவள் என்று ஆக்கிவிட்டாயே என்று கேட்டேன். அவள் சொல்கிறாள், என்னைக் காப்பாற்றத்தான் சொன்னாளாம். ஏற்கெனவே எழுதிக் கொடுத்ததற்கு மாறாகப் பேசினால் எழுதியது யார் என்று கேள்வி வரும், வக்கீலாகப் போகிறவள் பெயரில் ஒரு கேசும் வந்துவிடக் கூடாது என்று சவரிமுத்து அண்ணாச்சி சொன்னாராம். அதனால் தெரியாமல் செய்துவிட்டாள் என்று சொல்லிவிடுவதுதான் எனக்கு நல்லதாம். பார்த்தீர்களா? என் முதுகுக்குப் பின்னால் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசியிருக்கிறார்கள். நான் நூலகத்தில் கிடந்த நாளில் அவள் ஜெராக்ஸ் கடையில் இருந்திருக்கிறாள். காய் நறுக்கிக்கொண்டு என் வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்தாளே, அப்போதே அவளுக்குத் தெரியும், அதைச் சொல்லப் போவதில்லை என்று. பெற்ற தாய் அக்கா. வேறு யாராவது செய்திருந்தால் நான் இவ்வளவு பேசமாட்டேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அடுப்பு எரிந்தது எங்கள் இரண்டு பேருக்கு மட்டும்தான். வாசல் தகரத்தைப் பாப்பாத்தி அக்காவின் தம்பியே வந்து கழற்றினான். பாப்பாத்தி அக்கா கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவப் போகிறாள். தெருவில் எதிரே பார்த்தால் என்னிடம் பேசுவதில்லை. ரெஜினாவும் மற்றவர்களும் பேக்கரியில் பன்னும் டீயுமாக ஓட்டுகிறார்களாம். இசக்கியம்மாள் ஒரு நாள் வாசலில் வந்து நின்று, "அத்த, இன்னைக்கும் இல்லையா?" என்று கேட்டாள். அம்மா உள்ளே போய் எங்களுக்கு வைத்திருந்ததை எடுத்து வந்தாள். நான்தான் தடுத்தேன். நோட்டீஸ் நிலுவையில் இருக்கும்போது அப்படிக் கொடுத்தால் மேல்முறையீட்டில் நமக்கு எதிராகப் போகும். அந்தப் பெண்ணுக்கும் சொல்லிப் புரியவைத்தேன். அவள் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டாள்.

மேல்முறையீட்டுக்கு ஒரு வருஷம் ஆகலாம், கூடவும் ஆகலாம். அதைச் சொன்னபோது அம்மா, "அதுவரைக்கும் பிள்ளைய என்னத்தத் திங்கும்? நாம என்னத்தத் திம்போம்?" என்று கேட்டாள். கேள்வி நியாயம்தான். ஆனால் கொள்கை என்று வந்துவிட்டால் கொஞ்சம் கஷ்டப்படத்தான் வேண்டும். கல்லூரிக்குள் கேன்டீன் இருக்கிறது, யாரும் பட்டினி கிடக்கப் போவதில்லை.

நேற்று மத்தியானம் சவரிமுத்து புது வரைபடத்தோடு வந்தார். முதல் தளம், படிக்கட்டு, கழிவறை, எல்லாம் அளவு பிசகாமல் போட்டிருக்கிறார், அதில் அவரைக் குறைசொல்ல முடியாது. மாடி முழுவதும் ஒரே பெரிய அறை. அதற்குள் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? படுக்கை அறை, மகள். அத்தனை பெரிய படுக்கை அறை ஜமீனில்கூட இருக்காது. நாற்பது பெண்கள் பந்தி போட்டுச் சாப்பிடப் போகிற இடத்தில் என் கட்டிலாம். என் பெயரைச் சொல்லி ஒரு பொய், அதற்கு என் கையெழுத்து.

நான் போடமாட்டேன் என்றேன். அம்மா விடிய விடியக் கெஞ்சுகிற ஆள் இல்லை. அவளுக்குத் தெரிந்த மாதிரி வாதாடினாள். "அதுல என்னட்டி பொய்? லீவுக்கு வந்தா நீ கூடத்துல மாவுச் சட்டிக்குப் பக்கத்துலதான் படுக்க. நாளைக்குக் கல்யாணமாகி மாப்பிள்ளையோட வந்தா எங்கன படுப்ப? பிள்ளைய சாப்ட்டுட்டுப் போன பொறவு அது உன் ரூமுதான்" என்றாள். நான் இப்போதே பையை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன் என்றேன். காலையில் போ, சாப்பிட்டுவிட்டுப் போ என்றாள்.

இன்று காலை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாலேயே வந்துவிட்டாள். நான் கூப்பிடவில்லை. நீங்கள் ஏறுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜன்னல் பக்கம் வந்து நின்றாள். வரைபடத்தோடு, திரும்பப் பெறும் மனுவையும் உள்ளே வைத்துச் சுருட்டியிருந்தாள். "இன்னைக்கே போடணும்னு இல்லட்டி. மதுரைக்குக் கொண்டுபோ. எத்தனை தடவ வேணும்னாலும் படி. ஒவ்வொரு எழுத்தாப் படிச்சுப் பாத்துட்டுப் போடு" என்றாள். நான் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வண்டி நகர்ந்தது. கொஞ்ச தூரம் கூடவே நடந்தாள். அதற்கு மேல் உங்களுக்கே தெரியும்.

இப்போது சொல்லுங்கள் அக்கா. அவளே கையெழுத்துப் போட்ட மனு. அவள் கையெழுத்துதான் என்று அலுவலர் முன்னால் ஒப்புக்கொண்டாள். ஒப்புக்கொண்டுவிட்டு அடுத்த மூச்சில் அதில் எழுதியிருப்பது இல்லை என்கிறாள். எந்த நீதிமன்றம் இதை ஏற்கும்? தான் போட்ட கையெழுத்தை விட்டு ஓடுகிறவளை நம்பி நான் எப்படி இன்னொரு கையெழுத்துப் போட?

என்ன கேட்டீர்கள்? பஸ் சத்தத்தில் கேட்கவில்லை, இன்னொரு தடவை சொல்லுங்கள்.

முதல் மனுவில் கையெழுத்து வாங்கும்போது, உணவகம் என்று போட்டிருப்பதை அம்மாவிடம் சொன்னேனா என்றா?

அவள் அப்போது மாவாட்டிக்கொண்டிருந்தாள் அக்கா. கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, எங்கட்டி போடணும் என்று கேட்டாள். காட்டினேன். போட்டாள். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் மெஸ் என்று போடாதே என்று ஆரம்பித்திருப்பாள், அன்று பூராவும் வாதம்தான் நடந்திருக்கும், எனக்கு லீவு முடிகிற நாள் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது.

எதற்குச் சொல்ல வேண்டும்? வேறு யாரோ ஒரு புரோக்கரா எழுதினான்? பெற்ற மகள் எழுதியது. அதற்கு மேல் ஒரு தாய்க்கு என்ன வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.